அரிசி, மாவு, டப்பா: வீட்டு வீடியோவுக்கு மென்பொருள் தேர்ந்தெடுப்பது

மென்பொருளை இறக்குவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள். கவரைப்பேட்டை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத்தில் பல வீடுகளில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். உள்ளே கல்யாண ஆல்பம், அதோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய வட்டுகள். 1990-களில் நடந்த கல்யாணம் என்றால் கறுப்பு வி.எச்.எஸ். கேசட். 2000-ஐத் தாண்டியது என்றால் ஸ்டுடியோ பெயர் அச்சடித்த உறையில் மூன்று விசிடி. அடுத்து டிவிடி, அதற்கும் அடுத்து மணமக்கள் படம் ஒட்டிய பென்டிரைவ். பையனின் காதுகுத்து அப்பாவின் பழைய நோக்கியாவில் எடுத்தது. பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்தது.

ஒவ்வொன்றும் ஒரு தனிச் சரக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே மென்பொருள் சரிப்பட்டு வராது. எந்தச் சரக்குக்கு எந்தக் கருவி என்பதையும், காசு கொடுக்காமல், நாளைக்கு யாரும் நம் கையிலிருந்து பிடுங்க முடியாத கருவியாக அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். நான் பார்த்த வீடுகளில் பிள்ளைகள் விண்டோஸைத்தான் திறந்தார்கள். விண்டோஸ் மூவி மேக்கரை இறக்கி, வீட்டு வீடியோவைக் கட் செய்து, பாட்டுப் போட்டு, தலைப்பு எழுதிப் பழகினார்கள். 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அதில் பாதி முடித்து வைத்திருந்த வேலையைத் தொடர வேறு வாசல் இல்லை.

போனில் வேலை செய்தவர்களுக்கு 2020 ஜூன் 29 அன்று அடுத்த அடி விழுந்தது. மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் ஷேர்இட்டும் நினைவிருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகள் பிறந்தநாள் வீடியோ செய்த விவாவீடியோவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது இந்த நூலின் வேலை இல்லை. நம் வீட்டு நினைவைத் திறக்கும் சாவி இன்னொருவர் இடுப்பில் தொங்கினால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டு தேதிகளும் காட்டுகின்றன.

இலவசம், கட்டற்றது என்ற இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. இலவசம் என்றால் காசு வாங்கவில்லை, அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள் என்றால் அதன் மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறது; யாரும் பயன்படுத்தலாம், படி எடுக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். செய்தவர் விலகினாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். உதாரணத்துக்கு, வி.எல்.சி. என்னும் வீடியோ ஓட்டும் மென்பொருள் 1996-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியது. 2001-இல் கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. அந்த மாணவர்கள் படித்து முடித்துப் போய்விட்டார்கள், வி.எல்.சி. இன்னும் இருக்கிறது. வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்னும் இயந்திரம் 2000-இல் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கியது. இந்த அத்தியாயத்தில் வரும் பல மென்பொருள்களுக்குள் அதுதான் ஓடுகிறது.

"இலவச வீடியோ கன்வெர்ட்டர்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் வேறு சாதி. மூன்று நிமிடத்துக்கு மேல் மாற்றாது, அல்லது தாலி கட்டும் இடத்தில் திரை நடுவே தன் பெயரை வாட்டர்மார்க்காகப் பதிக்கும், அல்லது கூடவே இரண்டு வேண்டாத நிரலைக் கணினியில் ஏற்றிவிடும். மாற்றி முடித்த பிறகுதான் இது தெரியவரும். ஆகவே முதல் சல்லடை இது: மூல நிரல் வெளிப்படையாக இருக்கிறதா? இல்லையென்றால், காசு கேட்காவிட்டாலும், வேறு வழியில்லாதபோது மட்டும் தொடுங்கள்.

டப்பாவும் உள்ளிருக்கும் பண்டமும்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வையுங்கள்.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்டிஎஸ் என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது டப்பாவின் பெயர். உள்ளே இருக்கும் படம் எச்.264 ஆக இருக்கலாம், எம்பெக்-2 ஆக இருக்கலாம். அதுதான் பண்டம். சாக்கில் இருக்கும் அரிசியை எவர்சில்வர் டப்பாவில் கொட்டினால் அரிசி அரிசியாகவே இருக்கும். அதே அரிசியை மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துவிட்டால் மாவிலிருந்து அரிசியை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

வீடியோவிலும் அப்படித்தான். டப்பாவை மட்டும் மாற்றினால் ஒரு மணி நேரக் கோப்பு ஓரிரு நிமிடத்தில் முடியும். தரம் ஒரு துளியும் குறையாது. கன்வெர்ட் செய்தால் அது அரைப்பது. கணினி ஒவ்வொரு படத்தையும் பிரித்து மறுபடி சுருக்குகிறது. நேரம் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும். நம்மில் பலர் செய்யும் தவறு, டப்பா மாற்றினால் போதுமான இடத்தில் அரைத்துவிடுவது. ஹேண்டிகேமின் எம்டிஎஸ் கோப்பு டிவியில் ஓடவில்லை என்று கன்வெர்ட்டர் தேடுவார்கள். உள்ளே இருப்பது எச்.264, டிவி அதைத் தாராளமாக ஓட்டும். டப்பாதான் டிவிக்குப் பிடிக்கவில்லை.

எது உள்ளே இருக்கிறது என்று பார்க்க வி.எல்.சி. போதும். கோப்பை ஓடவிட்டு, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் படத்தின் வகை, ஒலியின் வகை, அகலம் உயரம் எல்லாம் வரும். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பிறகு மென்பொருளைத் தேடுங்கள்.

வெட்டினால் போதும் என்றால்

பத்தில் ஆறேழு வேலை இதுதான். தேவையில்லாத முன்பகுதியை நீக்க வேண்டும். பேத்தி ஆடிய மூன்று நிமிடத்தை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். கேமரா துண்டு துண்டாகச் சேமித்ததை ஒட்ட வேண்டும். இதற்கு லாஸ்லெஸ்கட் அல்லது அவிடெமக்ஸ்.

லாஸ்லெஸ்கட் பழகுவது எளிது. கோப்பை இழுத்துப் போட்டு, தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, எக்ஸ்போர்ட் அழுத்தினால் முடிந்தது. ஒரே கேமராவில், ஒரே அமைப்பில் எடுத்த துண்டுகளை ஒட்டவும் அதிலேயே வழி உண்டு. வெவ்வேறு போனில் எடுத்ததை இதில் ஒட்டப் பார்க்காதீர்கள். பாதியில் படம் உறைந்து நிற்கும்.

அவிடெமக்ஸில் வீடியோ, ஆடியோ இரண்டையும் காப்பி என்ற நிலையிலேயே விட்டுவிட்டு, கீழே டப்பாவை மட்டும் எம்பி4 என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். முந்தைய பகுதியில் சொன்ன எம்டிஎஸ் கோப்பு இப்படித்தான் டிவிக்கு வரும்.

இரண்டிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. சுருக்கிய வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படமாக இருப்பதில்லை. சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு முழுப் படம் வரும். நடுவில் வருபவை அதிலிருந்து மாறியதை மட்டும் சொல்பவை. அரைக்காமல் வெட்டும்போது முழுப் படம் இருக்கும் இடத்தில்தான் தொடங்க முடியும். அவிடெமக்ஸில் மேல், கீழ் அம்புக்குறி விசைகள் அந்த முழுப் படங்களுக்கே தாவும். நீங்கள் நினைத்த நொடிக்கு ஓரிரு நொடி முன்னால் தொடங்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நொடிக்காக இரண்டு மணி நேரப் படத்தை அரைப்பது வீண்.

அரைத்தே ஆக வேண்டும் என்றால்: ஹேண்ட்பிரேக்

டிவிடியை எம்பி4 ஆக்க, பெரிய போன் வீடியோவைச் சிறிதாக்க, பழைய ஏவிஐ-யைப் புது டிவிக்குக் கொண்டுவர என் தேர்வு ஹேண்ட்பிரேக். 2003-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

டிவிடியைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற அடைவும் அதற்குள் ஒரு ஜிபி அளவில் பல விஓபி கோப்புகளும் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். ஒரு கோப்பின் முடிவில் சடங்கு பாதியில் அறுந்து, அடுத்ததில் தொடரும். முழு அடைவையும் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பிறகு அந்த அடைவையே ஹேண்ட்பிரேக்கில் திறந்து, பட்டியலில் மிக நீளமான டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள். வட்டிலிருந்து நேரே மாற்றினால் கீறல் விழுந்த இடத்தில் நின்றுவிடும். வட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

நம் ஊர் டிவிடி பால் முறையைச் சேர்ந்தது. 720க்கு 576, நொடிக்கு 25 படம். அதற்கென்றே ஃபாஸ்ட் 576பி25 என்று ஒரு ப்ரீசெட் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி மூன்று இடத்தை மட்டும் பாருங்கள்.

முதலாவது, தரம். கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்ற கோட்டில் ஆர்எஃப் எண் இருக்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். டிவிடிக்கு 18 முதல் 22 வரை, 1080 போன் வீடியோவுக்கு 20 முதல் 24 வரை என்பது அந்த மென்பொருளை உருவாக்குபவர்களே சொல்லும் அளவு. திரும்ப எடுக்க முடியாத கல்யாணத்துக்கு நான் 18-க்கே போவேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் கிடைக்கும். தாத்தா முகம் கிடைக்காது.

இரண்டாவது, சீப்புப் பல் போன்ற கோடுகள். பழைய கேமராக்கள் ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக எடுத்தன. கணினியில் பார்க்கும்போது அட்சதை போடும் கை நகர்ந்தால் ஓரமெல்லாம் கோடு கோடாகப் பிரியும். ஃபில்டர்ஸ் பக்கத்தில் டீகோம்ப் இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு மாற்றினால் அந்தக் கோடுகள் படத்தோடு படமாகச் சேர்ந்து அரைபட்டுவிடும். பிறகு நீக்குவது மிகக் கடினம். பழைய வீடியோவை மாற்றிக்கொடுக்கும் கடைகளிலிருந்து வந்த கோப்புகளில் நான் அதிகம் பார்த்த பிழை இதுதான்.

மூன்றாவது, வடிவம். பழைய படம் நான்குக்கு மூன்று. புது டிவி பதினாறுக்கு ஒன்பது. நிரப்ப வேண்டும் என்று இழுத்தால் மணப்பெண் முகம் பூசணிக்காயாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும். அதேபோல் விசிடியின் 352க்கு 288 படத்தை ஃபுல் எச்டி ஆக்கித் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். ஃபுல் எச்டியில் இருக்கும் புள்ளிகளில் இருபதில் ஒரு பங்குதான் விசிடியில் உண்டு. இல்லாததை மென்பொருள் ஊகித்துத்தான் வரையும், அப்படி வரைந்தது உங்கள் அத்தையின் கண் அல்ல.

விசிடிக்கு இன்னொரு குறிப்பு. அதில் எம்பெக்ஏவி என்ற அடைவில் டாட் என்று முடியும் கோப்புகள் இருக்கும். உள்ளே இருப்பது எம்பெக்-1. அதைக் காப்பி செய்து வைத்துக்கொண்டால் வி.எல்.சி. அப்படியே ஓட்டும். ஏற்கெனவே இவ்வளவு சுருங்கியதை மறுபடி அரைப்பதில் லாபம் குறைவு. டிவிக்குத் தேவைப்பட்டால் மட்டும், ஆர்எஃப் 18-இல், அளவைப் பெரிதாக்காமல் மாற்றுங்கள்.

வெளிவரும் வகை எச்.264 ஆகவே இருக்கட்டும். எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் ஏழெட்டு வருடப் பழைய டிவி பலவற்றில் அது திறக்காது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு, "ஃபைல் சப்போர்ட் இல்லை" என்று பார்ப்பது வருத்தமான விஷயம். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்ற வேண்டிய எல்லாவற்றையும் கியூவில் சேர்த்துவிட்டு, ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது ஓடவிட்டுப் போனால், காலையில் சிப்காட் தொழிற்பேட்டை கேட்டைத் தாண்டி வீடு வருவதற்குள் முடிந்திருக்கும். மடிக்கணினியை மெத்தையில் வைக்காதீர்கள். மே மாதத்தில் இரண்டு பக்கமும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, ஃபேன் காற்றில் வையுங்கள்.

எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஹேண்ட்பிரேக்கின் சொந்தத் தளத்தின் முகவரி பிரான்ஸைக் குறிக்கும் எஃப்ஆர் என்று முடியும். அதே பெயரில் வேறு முடிவோடு வருபவற்றைத் தொடாதீர்கள். 2017 மே மாதத் தொடக்கத்தில் சில நாட்கள் அதன் பதிவிறக்கச் சேவையகம் ஒன்றிலேயே மேக் கணினிக்கான கோப்பை மாற்றி வைத்து, உளவு நிரலைப் புகுத்திவிட்டார்கள். உருவாக்குநர்களே அதை வெளிப்படையாக அறிவித்து, சரிபார்க்கும் வழியையும் சொன்னார்கள். இறக்கும் பக்கத்தில் செக்சம் என்று ஒரு நீண்ட எண் இருக்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

கேசட் இருந்தால் காலம் கடத்தாதீர்கள்

பழவேற்காட்டு உப்புக்காற்றும் ஐப்பசி ஈரமும் நாடாவுக்கு எதிரி. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல இருந்தால் அது பூஞ்சை. அதை விசிஆரில் போடக் கூடாது. கருவியின் தலையில் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்து வைத்து, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட் என்றால், ஓடும் விசிஆர் ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் யுஎஸ்பி கேப்சர் கருவி ஒன்று, ஓபிஎஸ் ஸ்டுடியோ என்னும் கட்டற்ற மென்பொருள். கேசட்டை முதலில் கடைசிவரை ஓட்டி, முழுக்கத் திரும்பச் சுற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஓபிஎஸ்ஸில் திரை அளவை 768க்கு 576, வேகத்தை 50 என்று வைத்து, கேப்சர் மூலத்தின் மேல் வலது சொடுக்கி டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள். 25 என்று வைத்தால் பழைய கேமராவின் இயல்பான நகர்வு பாதியாகிவிடும்.

பதிவு செய்யும் டப்பாவாக எம்கேவி-யையே வையுங்கள். சாதாரண எம்பி4 டப்பாவின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியபின் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காது. எம்கேவி-யில் அதுவரை பதிந்தது நிற்கும். பிறகு ஓபிஎஸ் ஃபைல் மெனுவிலேயே ரீமக்ஸ் என்ற இடத்தில் எம்பி4 டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளலாம், அரைக்காமல்.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் எனக்குக் காட்டிய கேசட் கனடாவிலிருந்து வந்தது. "அம்மாவின்ர குரல் இதில மட்டும்தான் இருக்கு, அண்ணா" என்றார் அந்தத் தங்கை. ஓட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டுகொண்டே போனது. நாடா கெட்டுவிட்டது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அது கெடவில்லை. கனடா என்டிஎஸ்சி முறை; நொடிக்கு ஏறத்தாழ 30 படம், 480 வரி. நம்முடையது பால். அந்த முறையையும் ஓட்டும் விசிஆரில் போட்டு, கேப்சர் அமைப்பிலும் என்டிஎஸ்சி என்று மாற்றி, ஓபிஎஸ் திரையை 640க்கு 480, வேகத்தை 59.94 என்று வைத்ததும் நிறமும் குரலும் வந்தன. வெளிநாட்டுச் சொந்தத்திலிருந்து வந்த கேசட்டோ டிவிடியோ ஓடவில்லை என்றால் தூக்கிப் போடும் முன் இதைச் சோதியுங்கள். இங்கிருந்து அனுப்புவதற்கும் இதே காரணத்தால் டிவிடி வேண்டாம். எம்பி4 கோப்பாக அனுப்பினால் டொரன்டோவிலும் லண்டனிலும் அப்படியே ஓடும்.

மிக்சிங் செய்வதற்கு

வெட்டுவதும் மாற்றுவதும் போக, பாட்டு, தலைப்பு, புகைப்படம் எல்லாம் சேர்த்து ஒரு படமாக்க வேண்டும் என்றால் ஷாட்கட், கேடன்லைவ், ஓப்பன்ஷாட் என்று மூன்று கட்டற்ற மென்பொருள்கள். முதல் முறை செய்பவருக்கு ஷாட்கட் என்பேன். வருடம் ஒரு வீட்டு விசேஷமாவது மிக்சிங் செய்யப் போகிறவர் கேடன்லைவ் பழகட்டும். 2002-இல் தொடங்கி இன்றுவரை வளர்ந்து வருகிறது. ஓப்பன்ஷாட் பார்க்க மிக எளிது, ஆனால் நீண்ட வீடியோவில் எனக்குத் தடுமாறியது. டாவின்சி ரிசால்வ் பற்றி எல்லாரும் சொல்வார்கள். வண்ணத் திருத்தத்தில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அது இலவசம், கட்டற்றதல்ல. வலுவான கிராபிக்ஸ் கார்டும் கேட்கும். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு நம் போன் எடுக்கும் எச்.264 கோப்பையே திறக்காது.

போன் வீடியோவை நேரே மிக்சிங்கில் போட்டால் பத்து நிமிடத்தில் உதடும் குரலும் விலகத் தொடங்கும். போன் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகத்தை மாற்றி மாற்றி எடுப்பதே காரணம். ஷாட்கட்டும் கேடன்லைவும் இப்படிப்பட்ட கோப்பைத் திறக்கும்போது, எடிட்டிங்குக்கு ஏற்ற வடிவில் மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள்.

பழைய மடிக்கணினி என்றால் ப்ராக்ஸி என்ற அமைப்பை இயக்குங்கள். வேலை செய்ய மட்டும் ஒவ்வொரு கோப்புக்கும் சின்னப் பிரதி ஒன்றைச் செய்துகொண்டு, கடைசியில் அசல் கோப்பிலிருந்தே படத்தை எடுக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்கு அனுப்ப நினைப்பவர்கள் அதில் ஒரு லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன எல்லாம் அதில் ஓடும். சந்தேகம் வந்தால் 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழில் தமிழிலேயே கட்டுரைகள் உள்ளன. சென்னையிலும் காஞ்சியிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. தமிழில் கேட்டால் தமிழில் சொல்லித் தருவார்கள்.

தலைப்பு எழுதும்போது யூனிகோடு எழுத்துரு மட்டுமே பயன்படுத்துங்கள். மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் மூன்றும் கட்டற்றவை. முதலில் "ஸ்ரீ வீரராகவர் துணை, கொண்டாட்டம்" என்று தட்டி, ஐந்து நொடிக்கு மட்டும் ரெண்டர் செய்து பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், இரண்டு மணி நேரம் ரெண்டர் ஆன பிறகு தெரிவதைவிட அப்போதே தெரிவது நல்லது.

பாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அக்கால மிக்சிங் கேசட்டில் தாலி கட்டும் இடத்தில் நாதஸ்வரம் இருக்காது, சினிமாப் பாட்டுத்தான் இருக்கும். பெரியம்மா அழைத்த குரல், மாமாவின் சிரிப்பு, மொய் எழுதும் இடத்துச் சத்தம் எல்லாம் அந்தப் பாட்டுக்கு அடியில் போய்விட்டன. இன்று நாமே மிக்சிங் செய்யும்போது அதைச் செய்ய வேண்டாம். பாட்டு வேண்டுமென்றால் தனி ஆடியோ வரிசையில் போட்டு, அசல் ஒலியைக் குறைத்தாவது வையுங்கள். ஃபேன் இரைச்சலை ஆடாசிட்டி மென்பொருளில் நீக்கலாம்: யாரும் பேசாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து அதை இரைச்சல் மாதிரியாகக் காட்டி, பிறகு முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும், அளவாக, இல்லையென்றால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலாகும். சினிமாப் பாட்டுப் போட்ட கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றினால் உரிமைதாரரின் தானியங்கிக் கோரிக்கை வரும். வீடியோ முடக்கப்படவும் கூடும். அதற்கும் அசல் ஒலி வைத்த பிரதியே மருந்து.

இன்னும் ஒன்று. கல்யாணம் எடுத்த ஸ்டுடியோ இன்னும் இருந்தால் போய், "அண்ணே, மிக்சிங் பண்ணாத ஒரிஜினல் டேப் ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். மினிடிவி நாடாவில் எடுத்திருந்தால் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 13 ஜிபி. விசிடியில் வந்ததைவிடப் பல மடங்கு தெளிவு, நாதஸ்வரத்தோடு. பெரும்பாலும் அழித்திருப்பார்கள். இருந்துவிட்டால் அதற்கு விலையே கிடையாது.

அனுப்புவதும் சரிபார்ப்பதும்

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் கையால் இன்னொரு முறை அரைத்துவிடும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்புங்கள். 2 ஜிபி வரை உள்ளது உள்ளபடியே போகும். ஒடிசாவுக்கும் பிகாருக்கும் வீட்டு வீடியோ அனுப்பும் சிப்காட் தோழர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பார்ப்பவரிடம் சின்ன போன் என்றால் ஹேண்ட்பிரேக்கில் 480 அளவில் தனியாக ஒன்று செய்து அனுப்பலாம். அசலைச் சிறிதாக்காதீர்கள்.

மாற்றிய கோப்பை எந்த டிவியில் பார்க்கப் போகிறார்களோ அந்த டிவியிலேயே போட்டுப் பாருங்கள். தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிடம். கடைசியில்தான் குரல் விலகல் தெரியும். பாட்டியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, யார் யார் என்று கேட்டு, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம் முதலில் வரட்டும்: "1998 தை, பெரிய அக்கா கல்யாணம், பொன்னேரி". பிறகு இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு வீட்டில் வைத்திருந்த மூன்று பிரதியும் ஒன்றாக நனைந்தன.

கேசட்டையும் வட்டையும் அதன் பிறகும் தூக்கிப் போட வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு, மூடி இறுகும் டப்பாவில், பீரோவின் மேல் தட்டில், கேசட்டை நிற்க வைத்த நிலையில் வையுங்கள்.